மாற்றிய பிடிகளில் ஒரு வரலாறு: வன்னியின் வேட்டைக் கத்திகள்

2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நெதர்லாந்து அரசு இலங்கைக்கு ஆறு பொருட்களைத் திருப்பிக் கையளித்தது. 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துச் செல்லப்பட்டவை அவை. ஆம்ஸ்ரடாம் நகரிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நீண்டகாலம் இருந்த அப்பொருட்களுள், பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லெவ்கே பீரங்கியே செய்தியாளர்களின் கவனத்தை ஈர்த்தது. அதனுடன் இரண்டு வாள்களும் இரண்டு பெருந்துப்பாக்கிகளும் ஒரு கத்தியும் வந்தன. அந்தக் கத்தியைப் பற்றி எவரும் பெரிதாக எழுதவில்லை. கத்தி என்பது வீட்டுக்கு வீடு இருக்கும் பொருள்தானே என்ற எண்ணம் அதற்குக் காரணமாயிருக்கலாம்.

எனினும் உலகின் பெரிய அருங்காட்சியகங்களும் தனிப்பட்ட சேகரிப்பாளர்களும் இலங்கையின் பழங்கத்திகளை மிகுந்த ஆர்வத்துடன் தேடி வாங்கியிருக்கின்றனர். சிங்களத்தில் ‘பிஹா கெத்த’ எனப்படும் கண்டிக் கத்தி அவற்றுள் முதன்மையானது. இது மடக்குக் கத்தியன்று. தடித்த முதுகும் வளைந்து கூர்முனையை நோக்கிச் செல்லும் வாயும் உடைய குறுங்கத்தி. அரசனின் ஆதரவில் இயங்கிய ‘பட்டல் ஹத்தர’ என்னும் நான்கு பட்டறைகளில் இவற்றுள் சிறந்தவை செய்யப்பட்டன. ஓலையில் எழுதும் எழுத்தாணியும் அதே உறைக்குள் செருகப்பட்டிருப்பதுண்டு. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபின் அப்பட்டறைகள் ஆதரவை இழந்தன. அத்துடன் அரண்மனைத் தரத்திலான கத்தியும் செய்வாரற்றுப் போயிற்று.

இக்கத்திகளைச் சேகரிப்போர் அலகை விடப் பிடியையே முதலில் பார்க்கின்றனர். அலகு ஏறத்தாழ ஒரே வடிவினது. பிடியோ யானைத் தந்தத்தில் இருக்கும், எருமைக் கொம்பில் இருக்கும், கருநிற மரத்தில் இருக்கும், வெள்ளியிலும் பித்தளையிலும் இருக்கும். மிக அரிதாகப் பளிங்கிலும் இருக்கும். கொடிக்கருக்கு வேலைப்பாடு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக ஓடும். தந்தப்பிடி யாருக்கு, கொம்புப்பிடி யாருக்கு என்பதில் அக்காலச் சமூகத்தின் படிநிலையும் அடங்கியிருந்தது. ஆகவே ஒரே கத்தியின் பல பிடிகளை அடுக்கி வைத்தால் ஓர் இராச்சியத்தின் செல்வமும் அதிகாரமும் வணிகமும் கைத்திறனும் அவ்வரிசையில் தெரியும்.

இதனை முதலில் முறையாக எழுதி வைத்தவர் ஒரு தமிழர் என்பது நம் வாசகர்கள் பலர் அறியாததாகும். சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பகுதியைத் தலைமை தாங்கி நடத்தியபோது கண்டிக் கிராமங்களில் அலைந்து திரிந்தார். கைவினைஞரின் கருவிகள், தொழில்முறைகள், சொற்கள் யாவற்றையும் குறித்துக்கொண்டு மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலை 1908இல் வெளியிட்டார். இரும்பு வேலை, தந்த வேலை, கத்திப் பிடி ஆகியன அதில் உரிய இடம் பெற்றன. பின்னர் 1942இல் பி. ஈ. பி. தெரணியகல சிங்கள ஆயுதங்களைப் பற்றி விரிவாக எழுதினார். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கும் இலங்கைப் பொருட்களுக்கு பி. எச். டி. எச். டி சில்வா 1975இல் பெரும் பட்டியல் ஒன்றைத் தந்தார். கண்டியிலிருந்து கொள்ளைபோன பொருட்களை இன்று பெயர் சொல்லிக் கேட்க முடிவதற்கு இத்தகைய பதிவுகளே அடிப்படை.

வன்னிக்கு அப்படியொரு பதிவு இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் காட்டோரக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய வேட்டைக் கத்திக்கு ஒரு குமாரசுவாமி கிடைக்கவில்லை. அரச பட்டறையில் பிறக்காத, பொன்னும் வெள்ளியும் காணாத கத்திக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்போருண்டு. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் எதைத் தேடுகின்றனர் என்பதைச் சற்றுப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

வேட்டைக் கத்தி என்ற பொருளுக்கு இலங்கையோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1840களின் இறுதியிலும் 1850களின் முற்பகுதியிலும் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், நாய்களை ஏவி மரையை வளைத்துப் பிடித்துக் கத்தியால் குத்திக் கொல்லும் வேட்டையில் பேர்போனவர். லண்டன் பிக்காடிலியில் பஜெற் என்னும் தொழிலகம் அவருக்குச் செய்து கொடுத்த கத்தியின் அலகு மட்டும் ஓரடி நீளமானது என்று அவரே தமது இலங்கை வேட்டை நூலில் எழுதியிருக்கிறார். அது ஒரு துரையின் கத்தி. அதே தீவின் வடக்கில் அதே மரையை உரித்த கத்தியைப் பற்றி எழுதிவைத்தவர் எவருமிலர்.

அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேட்டைக் கத்தி தொழிற்சாலைப் பொருளாகிவிட்டது. மிச்சிகன் மாநிலத்தின் கிளாட்ஸ்டன் என்னும் சிற்றூரில் வெப்ஸ்டர் மார்பிள் என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் ‘ஐடியல்’ என்ற கத்தி அவ்வகையில் புகழ் பெற்றது. அதன் பிடி, தோல் வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிச் செய்ததாகவும் இருக்கும், மான்கொம்பாலானதாகவும் இருக்கும், கட்டி றப்பராலானதாகவும் இருக்கும். பிடியின் அடிமுனைக் குமிழிலும் பல வகைகள் உண்டு. அலகு ஒன்றாயிருப்பினும் பிடியின் வேறுபாட்டைக் கொண்டே அது எக்காலத்தில் செய்யப்பட்டதெனக் கணிக்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உலோகங்கள் இராணுவத் தேவைக்கென ஒதுக்கப்பட்டபோது, அந்நாட்டுத் தொழிற்சாலைகள் சில குமிழை மரத்தாலும் பிளாஸ்ரிக்காலும் செய்தன. அன்று மலிவென்று கருதப்பட்ட அந்தப் போர்க்காலப் பிடிகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தனி வகையாகவே தேடி எடுக்கின்றனர். பற்றாக்குறையின் அடையாளமே அப்பொருளின் சிறப்பாகிவிட்டது.

வன்னிக் கத்தியை இந்த ஒளியில் நோக்க வேண்டும்.

வன்னியில் வேட்டைக் கத்திக்கெனத் தனிப்பெயர் நிலைக்கவில்லை. காடு வெட்டும் பெரிய கத்தி காட்டுக்கத்தி எனப்பட்டது. மரமும் எலும்பும் தறிப்பதற்கு மன்னாக் கத்தி. இடுப்பில் செருகிச் சென்று உரிக்கவும் பங்கிடவும் பயன்பட்டது கைக்கத்தி. இவற்றை ஊர்க்கொல்லரே அடித்தனர். லொறியின் வில்லுத்தகடு கிடைத்தால் அது முதல்தரம். நல்ல உருக்காதலால் வாய் மழுங்காது. பழைய அரமும் அவ்வாறே. அலகைக் கொல்லர் செய்தாலும் பிடியைப் பெரும்பாலும் கத்திக்கு உரியவரே தேர்ந்து கொடுப்பது வழக்கம். தமது கைக்கு எது பொருந்துமென்று அவருக்குத்தானே தெரியும்? பிடிகள் வேறுபட்டதற்கு இதுவே முதற்காரணம்.

மரம் என்றால் வன்னிக் காட்டில் குறைவில்லை. பாலை கனமும் உறுதியும் மிக்கது, நீரில் ஊறினாலும் எளிதில் இற்றுப் போகாது. முதிரை மஞ்சள் மினுக்கம் கொண்டது, கை பட்டுப் பட்டு வழவழப்பாகும். வீரையும் கருங்காலியும் இறுகிய மரங்கள். பனை வைரமும் உண்டு. கொம்பு என்றால் மரைக்கொம்பும் எருமைக் கொம்பும். மரை ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும் விலங்கு. எனவே காட்டில் பொறுக்கிய கொம்பே பிடிக்குப் போதும், அதற்காக ஒரு விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. அதன் மேற்புறம் சொரசொரப்பாக இருப்பதால் இரத்தமும் கொழுப்பும் பட்ட கையிலிருந்து வழுக்காது. உட்புறம் பஞ்சுபோன்று மென்மையாக இருப்பதால் அலகின் வால்பகுதியைச் செலுத்துவதும் இலகு. எருமைக் கொம்பு பார்வைக்கு அழகு, ஆயின் வழுக்கும், உலர்ந்தால் வெடிக்கும், வண்டும் அரிக்கும்.

பிடி ஏற்றுவது ஒரு சிறு கலை. அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சி, முன்னரே சிறு துளையிட்ட மரத்தினுள் செலுத்துவர். இரும்பு தன் வழியைத் தானே எரித்துக்கொண்டு உட்செல்லும். பின்னர் அதைக் கழற்றி, துளையில் அரக்குத் தூளை இட்டு, மீண்டும் சூடாக்கிய வாலை இறக்கினால் அரக்கு உருகி இறுகப் பிடித்துக்கொள்ளும். மரம் பிளவாமல் இருக்க வாயில் ஒரு பூண். பூணின் உலோகம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். பித்தளைப் பூண் வசதியுள்ள காலத்துக்கு உரியது. வெற்றுத் தோட்டாக் கோதை அறுத்துச் செய்த பூண் வேறொரு காலத்துக்கு உரியது.

வேட்டைக் கத்தியில் முஸ்லிம் மக்களுக்கு உள்ள பங்கையும் இங்கு கூறவேண்டும். வேட்டையாடப்பட்ட விலங்கு உயிருடன் கைக்கு அகப்படின், உரிய முறையில் அறுத்தாலன்றி அதன் இறைச்சி இஸ்லாமியருக்கு ஆகுமானதன்று. அறுக்கும் கத்தி கூராக இருத்தல் வேண்டும், விலங்கை வதைத்தல் ஆகாது என்பதும் மார்க்கத்தின் வலியுறுத்தல். ஆகவே கூட்டாகச் சென்ற வேட்டையில் முஸ்லிம் ஒருவரும் இருந்தால் அறுக்கும் பணி அவருக்கே உரியது, பங்கு எல்லாருக்கும் உரியது. அத்தகைய கத்தியின் வாயைப் போலவே பிடியையும் நன்கு பேணவேண்டியிருந்தது. கை வழுக்கினால் அறுப்பு பிழைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளின் உழ்ஹிய்யாவுக்கு எடுக்கப்படும் கத்தியும் பல வீடுகளில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற கத்திதான். முள்ளியவளை, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, சாளம்பைக்குளம் முதலிய இடங்களில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்ந்தபோது, ஒரே கொல்லரின் உலையில் இரு சமூகத்தவரின் கத்திகளும் காய்ந்தன.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பிறந்த மண்ணை விட்டுப் புத்தளம் நோக்கிச் சென்றவர்கள் கையோடு கொண்டுசெல்ல முடிந்தது மிகச் சொற்பம். நகையும் பணமும் போனதைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர், எழுதியுமிருக்கின்றனர். அடுப்படியில் இருந்த கத்தியைப் பற்றி யார் பேசுவார்? ஆயினும் இருபது ஆண்டுகளின் பின் திரும்பி வந்து, காடு மூடிய காணியைத் துப்புரவாக்கத் தொடங்கியபோது முதலில் வாங்க வேண்டியிருந்த பொருட்களுள் ஒன்று கத்தியாகும். அது கடையில் வாங்கிய, பிளாஸ்ரிக் பிடியிட்ட கத்தி. அந்தக் குடும்பங்களின் பிடி வரலாற்றில் அதுவே மறுதொடக்கம்.

வன்னியில் எஞ்சியிருந்தோரின் கதை வேறு. 1990 முதல் 2002 போர்நிறுத்தம் வரை நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையின்போது இரும்பு, சீமெந்து, எரிபொருள், மின்கலம் முதலியன உள்ளே வருவது தடுக்கப்பட்டது அல்லது மட்டுப்படுத்தப்பட்டது. வவுனியாவுக்கு வடக்கே 1990இல் நின்றுபோன புகையிரதப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போயின. அக்காலத்தில் பழைய அலகை எறிந்துவிட்டுப் புதிது வாங்க வழியில்லை. பிடி உடைந்தால் கையில் அகப்பட்டதைக் கொண்டு சரிசெய்தனர். மரத்துண்டின்மேல் சைக்கிள் ரியூபை வரிந்து கட்டிய பிடி, நீர்க்குழாயைச் சூடாக்கி ஏற்றிய பிடி, அலுமினியத் தகடு சுற்றிய பிடி என்று எத்தனையோ வகை. இவற்றைக் காண்பவர் அழகில்லை என்று முகம் சுளிப்பர். அமெரிக்கக் கத்தியின் போர்க்காலக் குமிழுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதே என் கேள்வி.

சேகரிப்பாளரின் வழமையான அளவுகோல் இங்கு பொருந்தாமற் போவதும் இதனாலேயே. அவர்களுக்குத் தொழிலகத்திலிருந்து வந்த முதற்பிடி மாறாதிருக்க வேண்டும். பிடி மாற்றப்பட்டிருந்தால் மதிப்புக் குறையும், பழைய அலகுக்குப் புதுப்பிடி போட்டு விற்பது மோசடியாகும். சந்தைக்கு அந்த அளவுகோல் சரிதான். வன்னிக் கத்தியிலோ அலகு மட்டுமே பழையது. பிடி மூன்று முறையோ நான்கு முறையோ மாறியிருக்கும். முதற்பிடி இல்லையே என்று அதை ஒதுக்கினால் வன்னியில் ஒரு கத்தியும் மிஞ்சாது. ஒவ்வொரு மாற்றமும் ஓர் இடப்பெயர்வையோ ஒரு தட்டுப்பாட்டையோ ஒரு மீள்குடியேற்றத்தையோ குறித்து நிற்கிறது. கண்டிக் கத்தியின் பிடி அதன் உரிமையாளரின் தகுதியைச் சொல்கிறது. வன்னிக் கத்தியின் பிடி அதனை வைத்திருந்தவர் எதையெல்லாம் கடந்து வந்தார் என்பதைச் சொல்கிறது. என் கணிப்பில் இரண்டாவது குறைந்த செய்தியன்று.

2008, 2009ஆம் ஆண்டுகளில் இவற்றிற் பெரும்பகுதி அழிந்தது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது, அதே மாதம் முல்லைத்தீவு நகரும் வீழ்ந்தது. மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறினர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குச் சோதனைகளைக் கடந்து சென்றவர்கள் இடுப்பில் கத்தியோடு போயிருக்க முடியாது. 2012இல் அம்முகாம் மூடப்பட்டபின் வீடு திரும்பியோர், கூரையற்ற சுவர்களுக்கிடையே மண்ணுள் புதைந்த அலகுகளைக் கண்டெடுத்ததுண்டு. பிடி இருக்காது. மரத்தைக் கறையான் தின்றிருக்கும், றப்பர் எரிந்திருக்கும். பிடியில்லாத துருவேறிய இரும்பு என்ன பெறும்? பழைய இரும்பு வாங்குவோரின் தராசில் கிலோக் கணக்கில் ஏறியது.

இது தொல்லியலாளர் நன்கறிந்த இழப்பாகும். ஆதிச்சநல்லூரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் ரே தோண்டி எடுத்த இரும்புக் கருவிகள் ஏராளம். இரும்பு நிலைத்தது, அதனைப் பற்றியிருந்த மரம் மண்ணோடு மண்ணாயிற்று. வன்னியிலேயே இரணைமடுவின் பெயரால் அழைக்கப்படும் பழைய மணற்படிவுகளில் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதரின் கற்கருவிகள் கிடைத்துள்ளன. அங்கும் எஞ்சியது கல் மட்டுமே. ஆயிரமாயிரம் ஆண்டுகளில் நிகழும் அவ்வழிவு வன்னியின் கத்திகளுக்குச் சில மாதங்களில் நேர்ந்தது.

எஞ்சியுள்ள கத்தி ஒன்று கையில் கிடைத்தால் எதைப் பார்க்க வேண்டும்? பூணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள துருவை முதலில் பார்க்கலாம். அலகு முழுதும் பழந்துரு இருக்க, பூணின் வாயில் இரும்பு பளிச்சென்றிருந்தால் பிடி பின்னாளில் ஏற்றப்பட்டது. பிடியில் பெருவிரல் பதிந்த பள்ளம் எப்பக்கம் இருக்கிறது என்பதைக் கொண்டு வைத்திருந்தவர் வலக்கையரா இடக்கையரா என்று கூறிவிடலாம். கொம்பா எலும்பா தந்தமா என்ற ஐயம் அடிக்கடி எழும். எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும். அவை இரத்தக் குழாய்களின் தடம். தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வலைபோன்ற கோடுகள் ஓடும். மரைக்கொம்பின் நடுவில் பஞ்சுபோன்ற சோறு இருக்கும். சூட்டூசியால் குத்தி மணம் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பொருளைக் கெடுக்கும் வேலை அது, செய்யாதிருப்பதே நன்று.

சட்டத்தையும் மறக்கலாகாது. மரையும் மானும் இன்று பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேட்டைக்கு இடமளிப்பதில்லை. ஆசிய யானையின் தந்தத்தை வணிக நோக்கில் நாடு விட்டு நாடு கொண்டுசெல்வது 1975 முதல் சர்வதேச உடன்படிக்கையால் தடுக்கப்பட்டுள்ளது. பிரித்தானியாவில் 2022இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம் உள்நாட்டு விற்பனையையும் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. இந்தியா 1990களின் இறுதியில் மரைக்கொம்பு ஏற்றுமதியை நிறுத்தியதால் ஷெபீல்ட், சொலிங்கன் நகரங்களின் கத்தித் தொழிலாளரே கொம்புக்குத் தவித்தனர். இலங்கையின் தொல்பொருட் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருட்கள். அவற்றை அனுமதியின்றி வெளிநாடு கொண்டுசெல்ல முடியாது. ஆகவே பழைய பிடிகளுக்கு ஒரு சந்தையை உருவாக்குவது வன்னிக்கு நன்மை தராது. விலை வைத்தால் போலிகள் வரும், காட்டில் மரையும் சாகும்.

செய்யக்கூடியது எளிது, செலவுமில்லை. கத்தியை வீட்டைவிட்டு எடுக்கவே வேண்டியதில்லை. கைத்தொலைபேசியால் பிடியின் இருபக்கத்தையும் பூணையும் படமெடுத்து, பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்தால் அளவும் பதிவாகிவிடும். பிடி எந்த மரம், யார் ஏற்றியது, முன்பு என்ன பிடி இருந்தது, கத்தியை அவ்வீட்டில் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்பவற்றை முதியோரிடம் கேட்டு எழுதலாம். பாடசாலை வரலாற்று மாணவர்களுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் கிடைப்பது அரிது. முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் இணைந்து செய்தால், ஒரே கொல்லரின் கைவேலை இரு பக்கத்து வீடுகளிலும் அகப்படக்கூடும். வவுனியாவில் தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கற்சிலைகளுக்கும் சாசனங்களுக்கும் பக்கத்தில் ஓர் அலமாரி இதற்குப் போதும்.

அந்த அலமாரியில் வைக்கும் குறிப்பட்டையில் ஆண்டு எழுதுவதே சிரமமாயிருக்கும். பிடி மாற்றிய ஆண்டை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆனால் ஜயசிக்குறுவுக்கு முன்னரா பின்னரா, பாதை திறந்திருந்த காலமா, புத்தளத்திலிருந்து திரும்பிய வருடமா, மெனிக் பாமிலிருந்து வந்த பிறகா என்று கேட்டால் உடனே சொல்வார்கள். அதையே எழுதலாம்.